கோட்டையை விடுங்கள், கொல்லையைக் கேளுங்கள்

செஞ்சியில் ஒருவரிடம் "உங்க பூர்வீகம் எது?" என்று கேட்டால் கை முதலில் மலைப்பக்கம்தான் நீளும். முப்பாட்டன் தேசிங்கு ராஜா படையில் குதிரைக்காரர் என்பார் ஒருவர். நாயக்கர் காலத்தில் கோட்டைக் காவலுக்கு வந்தோம் என்பார் இன்னொருவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியப் போர்க்கோட்டைகள் மொத்தம் 12. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம் செஞ்சி. கோட்டைக்கு இப்படி ஒரு மதிப்பு வந்தபின் அதோடு உறவு கொண்டாடும் ஆசை கூடத்தான் செய்யும். அதில் தப்பில்லை.

ஆனால் குடும்ப வரலாறு தேடுகிறவருக்குக் கோட்டையால் பெரிய உதவி கிடையாது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பிஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் ஔரங்கசீப்பின் படை, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி என்று செஞ்சி கைமாறிக்கொண்டே இருந்தது. நடுவில் 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி இறந்த தேஜ் சிங்தான் நாட்டுப்பாடலில் தேசிங்கு ராஜா ஆனார். சி.எஸ்.ஸ்ரீநிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலைப் புரட்டினால் ராஜாக்கள், கோட்டைத் தலைவர்களான கில்லேதார்கள், தளபதிகள் பெயர் வரிசையாகக் கிடைக்கும். இங்கே சிறுகடம்பூரில் கழனி உழுதவர் பெயர் கிடைக்காது. படையெடுப்புகளால் குடிகள் ஊரைக் காலி செய்து போவதும் புதியவர்கள் வந்து குடியேறுவதுமாக இருந்த இடம் இது. இன்று செஞ்சி வட்டாரத்தில் வாழும் குடும்பத்துக்கும் கோட்டைக்கும் தொடர்பு இருந்திருக்கலாம். அதைக் காகிதத்தில் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

காகிதத்தில் காட்டக்கூடிய கதை 1801க்குப் பிறகு தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. வரி யார் கட்டுவது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக எழுதிய கணக்குதான் நம் வம்சாவளிக்கு முதல் ஏடு. வரி வாங்க எழுதியதை உறவு தேடப் படிக்கிறோம் என்பதை மட்டும் கடைசிவரை மறக்கக் கூடாது. வரி கட்டாதவர் அதில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் சிக்கல் பெயர். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிடித்துக்கொண்டு 300 வருஷம் பின்னால் போய்விடலாம். இங்கே அப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்து, அதோடு முடிந்தது. செஞ்சியிலிருந்து தென்கிழக்கே போனால் வரும் புதுச்சேரியில் 1881இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் வேரைத் தேடுவது சுலபம். எல்லைக்கு இந்தப்பக்கம் அப்படி எதுவும் நடக்கவில்லை. போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. பெயரன் என்பதுதான் பேரன் ஆனது. உதாரணத்துக்கு, கோவிந்தசாமி மகன் முனுசாமி, முனுசாமி மகன் கோவிந்தசாமி என்று மாறி மாறி வந்தால் 1900இன் கோவிந்தசாமி எவர், 1950இன் கோவிந்தசாமி எவர் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பட்டப்பெயரும் நிலையாக நிற்பதில்லை. ஒரே வன்னியர் குடும்பம் ஒரு பத்திரத்தில் படையாச்சி, அடுத்ததில் கவுண்டர், இன்னொன்றில் நாயக்கர் என்று எழுதிக்கொள்ளும். இவர்களெல்லாம் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்துத் தேடலைக் கைவிட்டவர்கள் உண்டு.

நிலம் மட்டும் நகராது. அதன் நம்பரைப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். தமிழ்க் குடும்பத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டென்றால் அது சர்வே நம்பர்தான் என்பது என் கட்சி.

எங்கே தொடங்குவது? கையில் இருக்கும் பட்டாவில். அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் வந்துவிடும். ஆனால் அது காட்டுவது இன்றைய நிலவரம். அதன் அடித்தளம் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். கிராமத்தில் யாரைக் கேட்டாலும் யு.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏர்சும் ஆனது அப்போதுதான். பெயர்கள் தப்பாக ஏறியதும் அப்போதுதான். செத்துப் போனவர் பெயரில் பட்டா தொடர்வது இங்கே சகஜம் என்பதால், பட்டாவில் ஒருவர் பெயர் இருக்கிறது என்பதற்காக அந்த வருஷம் அவர் உயிரோடு இருந்தார் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

யு.டி.ஆருக்கு முந்தியது செட்டில்மென்ட் பதிவேடு. தமிழும் ஆங்கிலமும் சேர்த்து அச்சிட்ட பிரதியை டைகிளாட் என்பார்கள். 1858இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய சர்வே, ஜில்லா ஜில்லாவாக நகர்ந்து ஒவ்வொரு வயலுக்கும் கல் நட்டு நம்பர் கொடுத்தது. நம்பருக்கு நேரே நஞ்சையா புஞ்சையா, மண் வகை, தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் இருக்கும். அதற்கும் முந்தியது பைமாஷ் கணக்கு. படம் இல்லை, காணிக் கணக்கு மட்டும். அதுவரை போய்ச் சேருகிறவர்கள் குறைவு, சேர்ந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பக்கத்துச் செங்கல்பட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை அங்கே எடுத்த கணக்கின் ஓலைச்சுவடிகளில் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தாருக்கோ டச்சுக்காரர் எழுதிய தோம்புப் பதிவேடு உண்டு. நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு.

இனி ஒரு புலப்படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு சர்வே நம்பருக்கு ஒரு பக்கம். மூலைக்கு மூலை கல். குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து செங்குத்தாகச் சின்னச் சின்னக் கோடுகள், பக்கத்தில் எண்கள். பழைய படத்தில் அந்த எண்கள் அடியும் அல்ல, மீட்டரும் அல்ல. லிங்க்ஸ். 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணி, ஒரு கண்ணி 7.92 அங்குலம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அடி என்று நினைத்து அளந்தால் தாத்தா நிலம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

படத்துக்குள் 45 என்ற நம்பர் 45/1, 45/2, 45/3 என்று உடைந்திருக்கும். 45/2 பிறகு 2ஏ, 2பி ஆகியிருக்கும். 2ஏ மறுபடி 2ஏ1, 2ஏ2. இதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் வயலின் படம் மறைந்து வம்ச விருட்சம் தெரியும். தகப்பன் 45, மூன்று மகன்கள் 1, 2, 3, நடு மகனின் பிள்ளைகள் 2ஏ, 2பி. பரப்பையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப்பக்கம் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 132 சென்ட். மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 44. அடுத்த தலைமுறையில் ஒருவர் பங்கு இரண்டானால் 22, 22. பழைய 'அ' பதிவேட்டில் 44, 22, 22, 44 என்று பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அந்த நால்வரும் பங்காளிகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒருவர் அண்ணன், ஒருவர் தம்பி, இருவர் இறந்துபோன இன்னொரு சகோதரரின் பிள்ளைகள். இன்றைய பட்டாவில் இதே 44 சென்ட் 0.18.0 ஹெக்டேர் என்று நிற்கும். அதைப் பார்த்து யாருக்கும் காணி ஞாபகம் வராது. அதனால்தான் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

உட்பிரிவு விற்பனையாலும் உண்டாகும் என்பதால் படத்தோடு பத்திரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கொல்லைக்காட்டில் பிரிக்காமல் விடும் ஒரே சொத்து கிணறு. கிணற்றில் 3இல் 1 பாகம், முறைப்படி நீர் பாய்ச்சும் பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். கிணறு இருக்கும் துண்டுக்குக் கூட்டுப் பட்டா. அதில் வரிசையாக இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வயலைப் பிரித்துக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் போன பங்காளிகள் கூட அந்தக் கூட்டுப் பட்டாவில் ஒன்றாக நிற்பார்கள்.

பத்திரப் பதிவு இங்கே 1860களின் நடுவில் வந்தது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றை விரித்தால் இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரருக்கு இன்னார் எழுதிக்கொடுத்த சுத்த விக்கிரய சாசனம் என்று தொடங்கும். பலர் விலையைப் பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். குடும்பம் தேடுகிறவர் படிக்க வேண்டியது பின்பாதி. சொத்து விவரத்தில் நான்கெல்லை. தெற்கே வண்டிப்பாதை, வடக்கே ஏரி வாய்க்கால் என்பதில் ஒன்றும் இல்லை. மேற்கே இன்னார் 'நிலத்துக்கு' கிழக்கு என்றிருந்தால் அவர் அண்டைக்காரர். இன்னார் 'பாகத்துக்கு' கிழக்கு என்றிருந்தால் அநேகமாக அவர் பங்காளி. ஒரே சொல்தான் வித்தியாசம். அடுத்து சாட்சிகள். ஒன்று தாய்மாமன், ஒன்று மைத்துனன், ஒன்று எழுதுகிறவருக்குத் தெரிந்தவர் என்று இருப்பது வழக்கம். சாட்சியின் ஊர்ப்பெயரில்தான் உங்கள் கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர் ஒளிந்திருக்கும். மைனர் பிள்ளைக்குத் தாய் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், கையெழுத்து என்ன, கீறல் போட்டிருந்தால், அந்தத் தேதிக்குள் தகப்பன் இறந்துவிட்டார் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உயில் ஏறும் 3ஆம் புத்தகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, எழுதியவர் இறந்த பிறகே மற்றவருக்கு நகல். பல அலுவலகங்களில் 1975 முதலான வில்லங்கம் கணினியில் இருக்கிறது. அதற்கு முந்தியதற்குக் கையால் எழுதிய அட்டவணையைத்தான் புரட்ட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், தேதியும் சரியாகத் தெரிய வேண்டும்.

தேதி என்பது தனி வம்பு. ரெவின்யூ கணக்கில் பசலி. அதோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். ஜூலையில் தொடங்கும், ஆகவே பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. வீட்டுப் பேச்சில் 60 வருஷச் சக்கரம். "தாது வருஷப் பஞ்சத்துல எங்க பாட்டன் பொழப்பு தேடி இங்க வந்தாரு" என்று இந்தப்பக்கம் கேட்டால் அது 1876. அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. பஞ்சம் என்ற சொல் இல்லாமல் வெறும் தாது என்றால் 1936 ஆகவும் இருக்கலாம்.

இனாம் நிலம் இருந்த குடும்பங்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. கோயில் பூசை, ஊர்த் தொழில், கணக்கு வேலை என்று வரியில்லாமல் அனுபவித்த நிலங்களை விசாரிக்க 1858இல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். யார் கொடுத்தது, முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், வயதென்ன, உறவென்ன என்று கட்டம் கட்டி எழுதினார்கள். ஒரே வரியில் இரண்டு மூன்று தலைமுறை கிடைத்துவிடும். சென்னை எழும்பூரில் 1909இல் ஆவணக் காப்பகமாகத் தொடங்கிய இன்றைய தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இந்தப் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். கோயில் நிலத் தகராறில் வக்கீல்கள் முதலில் ஓடும் இடம் அதுதான். வம்சம் தேடுகிறவர்கள் ஏனோ அந்தப்பக்கம் போவதில்லை.

காகிதத்தைத் தேடும்போது செஞ்சி எந்தக் காலத்தில் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பதும் முக்கியம். 1906இல் டபிள்யூ.பிரான்சிஸ் தென்னாற்காடு கெசட்டியர் எழுதியபோது செஞ்சி திண்டிவனம் தாலுக்காவில் இருந்தது, ஜில்லாவுக்குத் தலைமையிடம் கடலூர். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. பிறகு மேல்மலையனூர் தனி வட்டமாகப் பிரிந்தது. ஆக ஒரே கிராமத்தின் கட்டுகள் நாலு ஊரில் கிடக்கும். கிராமத்திலேயே இருந்தவையும் உண்டு. 1980இல் மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபோது பரம்பரையாக வீட்டில் வைத்திருந்த கணக்குகள் கைமாறின. அத்தனையும் ஒழுங்காக வந்து சேர்ந்தன என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவும் நிலம் இருந்தவர் கதை. நிலம் இல்லாதவர்?

பெண்களிடமிருந்து தொடங்குவோம். நூறு வருஷப் பட்டாக்களில் பெண் பெயர் அபூர்வம். இன்னார் பெண்சாதி என்று எங்கோ ஒரு வரி. மகளுக்கு மஞ்சக்காணியாக நிலம் கொடுத்த குடும்பமானால் தான செட்டில்மென்டில் பெயர் வரும். ஆனால் 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்த பிறகு ஒரு விநோதம் நடந்தது. பங்கு கொடுக்க மனமில்லாத அண்ணன்மார் தங்கைகளை அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பத்திரத்தில் எல்லா மகள்களின் பெயரும், வயதும், கணவர் பெயரும், வாக்கப்பட்ட ஊரும் வரிசையாக இருக்கும். உரிமையை எழுதிக் கொடுத்த காகிதத்தில்தான் பெண்கள் முழு ஆளாகப் பதிவாகியிருக்கிறார்கள். நியாயமில்லாத காகிதம், ஆனால் தேடுகிறவருக்கு அதைவிட நல்ல காகிதம் அமையாது.

சேரி மக்களுக்கு 1892க்குப் பிறகு ஒரு தடம் உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி அரசு கொடுத்த நிலம் பஞ்சமி நிலம். ஒப்படைப்புப் பட்டியலில் வாங்கியவர் பெயர் உண்டு. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பது தமிழ்நாடு இன்னும் பேசித் தீர்க்காத வழக்கு. தன் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடிப் போனவர் பறிபோன நிலத்தைக் கண்டுபிடிப்பது இங்கே நடக்கக்கூடியதுதான். கத்தோலிக்கராக மாறிய குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் புதுச்சேரி மிஷனில் நிறையப் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர் எல்லாம் அதில் இருக்கும். கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சட்டம் வந்தது. ஆனால் பல வரிகளில் குழந்தைக்குப் பெயரே இல்லை, ஆண் அல்லது பெண், அவ்வளவுதான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிறந்த தேதியை நம்ப முடியாது. வாத்தியார் தயவில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை லட்சமோ.

கடல் தாண்டிப் போனவர்கள் கதை இதற்கு நேர் எதிர். 1860 நவம்பர் 16இல் டர்பன் துறையில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து போய் நின்றது முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் தென்னாற்காட்டார் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளும் பிற்காலத்தவர்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. 1853இல் மார்த்தினிக்குக்கும் அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் கூலிகளை ஏற்றிப்போன 'ஒரேலி' பிரெஞ்சுக் கப்பல். நாலு தலைமுறை கழித்து இப்படிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் தேடி வருகிறார்கள். தகப்பன் பெயர் கையில் இருக்கிறது, கிராமப் பெயர் மட்டும் வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி உருமாறிக் கிடக்கிறது. அவர்களுக்குப் பெயர் உண்டு, நிலம் இல்லை. இங்கே தங்கியவருக்கு நிலம் உண்டு, பெயர் குழப்பம். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரு கிளைகள் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் சேரும்.

குலதெய்வத்தையும் கேட்கலாம். தொலைவில் ஒரு சின்ன ஊரில் குலதெய்வம் இருந்தால் பூர்வீகம் அந்தப்பக்கம் என்று சந்தேகப்படலாம். மேல்மலையனூர் அங்காளம்மன் என்று பதில் வந்தால் பயனில்லை, பாதி வட மாவட்டத்துக்கு அவள்தான்.

காகிதம் இல்லாத வாய்மொழியைத் தள்ளிவிடவும் கூடாது. நாயக்கர் காலத்துக் கொடுமைக்கு அஞ்சி உடையார்பாளையம் ஓடித் திரும்பிய உடையார் ஒருவரைப் பற்றித் தாயனூர்ச் சமணக் குடும்பத்தார் சொல்லிவந்ததைப் பிரான்சிசின் கெசட்டியரே பதிவு செய்திருக்கிறது. அடைக்கலம் கொடுத்தவர் தந்த நிலம், திரும்பி வந்தபின் சபையில் கிடைத்த முதல் மரியாதை ஆகிய இரண்டில்தான் அந்தக் கதை உயிரோடு இருந்தது. சமணத்தைத் தழுவிய தமிழர்களின் மடம் மேல்சித்தாமூரில் இன்றும் இருக்கிறது.

செஞ்சிக்குக் கிளம்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் மூத்த அத்தை உயிரோடு இருந்தால் அவரிடம் முதலில் உட்காருங்கள். வாக்கப்பட்டுப் போனவர் என்பதால் பங்காளிச் சண்டையில் பட்டுக்கொள்ளாமல் எந்தக் கொல்லைக்கு என்ன பெயர், யார் பாகம் எது என்று உள்ளது உள்ளபடி சொல்வார். சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பீரோவில் இருக்கும் பழைய பத்திரத்தை லேமினேட் செய்து விடாதீர்கள். சூட்டில் மை ஒரு பக்கம் போகும், பிளாஸ்டிக்கைப் பிரித்தால் காகிதமும் போகும். பருத்தித் துணியில் சுற்றி, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள், போதும்.